ரெலிபோனில் பாடிய எட்னா

கியூபெக்கில், நாங்கள் இருக்கும் லாசாலில் நல்ல முருங்கைக்காய் கிடைப்பது கஷ்டம். நல்ல குரல் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். முருங்கைக்காயாவது ஐஸில் விறைத்துப் போய் ரொறன்ரோவிலிருந்து வான் வண்டி ஏறி வந்துவிடும். குரல் அப்படி வராது. எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பாடகர் குழாமைப் பல வருடம் கட்டி மேய்த்தவன் நான். இந்த விஷயத்தில் என் பேச்சை நீங்கள் நம்பலாம்.

என் பெயர் தேவதாசன். ஊரார் மாஸ்டர் என்பார்கள். நான் ஒரு பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவன் அல்ல. டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையல்கூடத்தில், கோழித்துண்டுக்குப் பக்கத்தில் அவித்த கரட் வைத்துத் தட்டை மூடுவதுதான் என் வேலை. ஞாயிறு பூசையில் கீபோட் வாசிப்பதால் மாஸ்டர் ஆனேன். மனைவி பெயர் மாக்கிரட். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இந்தக் கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாலும், எப்படியும் யாராவது கேட்பார்கள் என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

குழாமைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பற்றிக்கின் டோல்கி மேளம் நன்றாக இருக்கும். மற்றபடி ஆண்கள் பகுதி சுருதியை வாசலில் நின்று எட்டிப் பார்க்குமே தவிர உள்ளே போகாது. பெண்கள் பகுதியில் இரண்டு பேர் ஒருவரையொருவர் முந்துவதற்கென்றே பாடுவார்கள். பாதர் பொறுமைசாலி. நானும் அப்போதெல்லாம் பொறுமைசாலியாகத்தான் இருந்தேன்.

என் பொறுமையைக் கெடுத்தது எட்னா மார்லோ. நாங்கள் பாடும் கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில் கியூபெக் கிழவிகள் வருடா வருடம் பழைய சாமான் விற்பார்கள். பாட்டுத் தாள்களை அடுக்கி வைக்க ஒரு பெட்டி வேண்டுமென்று நான் போனேன். பெட்டி கிடைத்தது. உள்ளே கிடந்த பழைய இசைத்தட்டுகளையும் சேர்த்துத்தான் தருவோம் என்று அடம்பிடித்தார்கள். வீட்டுக்கு வந்து, எறிவதற்கு முன் ஒன்றைப் போட்டுப் பார்ப்போம் என்று போட்டேன். அதன் பிறகு பெட்டியை நான் எதற்கு வாங்கினேன் என்பதே மறந்துபோனது.

எட்னா அமெரிக்காவின் ஜாஸ் பாடகி. ஒரு காலத்தில் அவருடைய பாட்டுகள் போகாத வானொலி இல்லையாம். வெகு சாதாரணமான பாட்டுகள்தான். பஸ் ஓட்டுகிறவர்களும் முணுமுணுக்கக் கூடியவை. விட்டுப்போனவனைத் திரும்பி வந்து தொப்பியையாவது எடுத்துக்கொண்டு போ என்று சொல்லும் பாட்டு ஒன்று. மழைக்குள் ரெயிலுக்குக் காத்து நின்று, ரெயில் வந்தபின் ஏறாமல் வீட்டுக்கு நடந்துபோகும் பாட்டு ஒன்று. ஆனால் அவர் பாடும் விதம் வேறு. ஒவ்வொரு சொல்லுக்கும் கொஞ்சம் பிந்தி வருவார். பிந்தினாலும் தாளத்தை விடமாட்டார். எங்கள் குழாமும் பிந்தித்தான் வரும், அது வேறு விஷயம்.

அந்தப் பெட்டியில் எல்லாவற்றிலும் உயர்ந்தது, இரவு விடுதி ஒன்றில் அவர் பாடும்போதே பதிவு செய்த தட்டு. கிளாஸ்கள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் கேட்கும். ஆண்கள் சிரிப்பார்கள். தொப்பிப் பாட்டின் நடுவே ஒருவன் நீளமாக இருமத் தொடங்குவான். எட்னா நிறுத்தி அவனிடம் ஏதோ பகிடி சொல்ல, சபை சிரித்து ஓயும். பிறகு விட்ட இடத்தில், விட்ட அதே சுருதியில் திரும்ப எடுப்பார். அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

"இஞ்சேருங்கோ, உந்தப் பொம்பிளை ஏன் நித்திரைத் தூக்கத்தில பாடுறா?" என்று மாக்கிரட் கேட்டாள். இருபது வருடம் ஒருத்தியோடு வாழ்ந்தாலும் அவளுடைய காதைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது என்று அன்று விளங்கியது.

இனி றொசானா. அடுத்த கட்டடத்தில் இருந்த அருமைராசா, சிசிலி தம்பதியின் ஒரே மகள். கார்டெறியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை. பத்து வயதில் வந்தவள். பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு, தமிழும் வீட்டில் பழகியதால் நன்றாகவே கதைப்பாள். குழாமில் இரண்டாம் வரிசையில் நின்று உச்சத்தில் பாடுவாள். நான் பெரிதாகக் கவனித்ததில்லை. ஒரு மாரிகாலத்தில் அவளுக்குத் தடிமன் பிடித்து, மேலே போக முடியாமல் கீழ்ச் சுருதியில் ஒரு திருப்பாடலைப் பாடினாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கீபோட்டில் இருந்து கையை எடுத்துவிட்டேன். லாசாலில், தமிழில், மூக்கடைப்போடு எட்னா பாடிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து ஞாயிறு பின்னேரங்களில் றொசானா எங்கள் வீட்டுக்கு வருவாள். எட்னாவின் பாட்டுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். தடிமன் மாறியதும் குரல் கொஞ்சம் மேலே போகப் பார்த்தது. "இன்னும் கீழ பிள்ளை, இன்னும் கீழ" என்று பிடித்து இறக்கினேன். சில நாள் தொண்டை நோகிறது என்பாள். மாக்கிரட் மல்லித்தண்ணி வைத்துக் கொடுப்பாள். குடித்துவிட்டுத் திரும்பவும் பாடுவாள். அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் நான் கிழமை முழுவதும் கரட் வைத்தேன். அதைவிடப் பெரிய சந்தோஷம் என் வாழ்க்கையில் இருந்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பிறகு ரொறன்ரோவில் இருந்து கலியாணப் பேச்சு வந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் எப்படி என்று பெண்வீட்டில் கேட்கமாட்டார்கள். பெண்ணைத் தெரிந்த மூன்றாம் ஆளைப் பிடித்து விசாரிப்பார்கள். கோயிலில் பாடும் பெண் என்றால் மாஸ்டரைத்தான் கேட்பார்கள். அப்படி விசாரித்த இடத்தை வெளியில் மூச்சு விடமாட்டார்கள், அது மரியாதை இல்லை. யார் சொன்னது என்று பெண்வீட்டுக்குக் கடைசி வரை தெரியாது. இந்த வழக்கத்தை உண்டாக்கியவர் எவரோ, என்னை மனதில் வைத்தே உண்டாக்கியிருக்க வேண்டும்.

மாப்பிள்ளையின் பெரியம்மா ரெலிபோன் எடுத்தார்.

"மாஸ்டர், பிள்ளை எப்பிடி?"

"தங்கமான பிள்ளை."

"பாடுவாவாமே. என்ன மாதிரிப் பாட்டு?"

அந்த நேரம் பார்த்து எட்னாவின் விடுதித் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. "இப்பிடித்தான் பாடுவா, கேளுங்கோ" என்று ரிசீவரை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்தேன். சத்தியமாக, முதலில் வேறு எண்ணம் ஒன்றும் இல்லை. அந்தக் குரலின் அருமை அந்த அம்மாவுக்கும் கொஞ்சம் தெரியட்டும் என்றுதான் பிடித்தேன்.

"மாஸ்டர், அதென்ன கிளாஸ் சத்தம்?"

"ஆக்கள் குடிக்கினம் அக்கா."

"ஆம்பிளையள் சிரிக்கிற மாதிரியும் கிடக்கு."

"ஓம். நிறைய ஆம்பிளையள்."

"இது எங்க மாஸ்டர்?"

"டவுன்டவுனில ஒரு இடம்."

தட்டின் உறையில் அப்படித்தான் போட்டிருந்தது. அமெரிக்காவில் எந்த ஊர் டவுன்டவுன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஊர்ப் பெயரைச் சொல்லியிருப்பேன். என் வாயால் ஒரு பொய்யும் வரவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

பெடியனுக்கு இப்போதைக்குக் கலியாணம் வேண்டாமாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை றொசானா முகம் வாடித்தான் வந்தாள். அந்தப் பெடியனின் படத்தைப் பார்த்து அவளுக்குப் பிடித்திருந்ததாம். ரெயில் பாட்டைப் பாடச் சொன்னேன். நடுவில் குரல் உடைந்தது. உடைந்த இடம் சரியாக எட்னா உடைக்கும் இடம். எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் வராத ஒன்று அன்று தானாக வந்துவிட்டது. ஒரு சின்னத் துக்கம் குரலுக்கு எவ்வளவு நல்லது என்று நான் மாக்கிரட்டிடம்கூடச் சொன்னேன்.

அடுத்தது லண்டன். கியூபெக் தனி நாடாகப் பிரிவதா இல்லையா என்று ஊர் முழுக்க வாக்குப் போட்ட அந்த வருடம் அது. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ரொறன்ரோவுக்கு மூட்டை கட்டுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். என் கவலை வேறு. லண்டன் இன்னும் தூரம். இந்த முறை தட்டு தற்செயலாகச் சுற்றவில்லை. மாப்பிள்ளை வீட்டார் இன்ன நேரம் அழைப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்ததால் போட்டு வைத்திருந்தேன். லண்டன்காரி இருமல் வருவதற்கு முன்பே ரெலிபோனை வைத்துவிட்டார். பாவம், நல்ல இடத்தைக் கேட்கவில்லை. மூன்றாவது, மிசிசாகாவில் இருந்து வந்தபோது, இருமலுக்குக் கொஞ்சம் முன்னால் ஊசியை வைக்கப் பழகியிருந்தேன். எந்த வேலையும் செய்யச் செய்யக் கை படிந்துவிடும்.

இதற்கிடையில் அருமைராசாவும் சிசிலியும் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சிசிலியின் கண் வீங்கிப் போயிருந்தது.

"ஆரோ எங்கட பிள்ளைக்குக் கதை கட்டுகினம் மாஸ்டர்," என்றார் அருமைராசா. "டவுன்டவுனில பாரில பாடுறாவாம். அவள் சப்பாத்து வாங்கப் போறதை விட்டால் அங்கால போறதே இல்லை."

"நான் கும்பிடாத சுரூபம் இல்லை," என்று சிசிலி விம்மினார். "நீங்கள்தான் மாஸ்டர் விசாரிச்சு, இது ஆர்ர வேலையெண்டு கண்டுபிடிக்க வேணும். உங்களை விட்டால் எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

பெரிய பொறுப்பு. ஒப்புக்கொண்டேன். அவர்கள் கலங்குவதைப் பார்க்க எனக்கு மனம் தாங்கவில்லை என்பதும் உண்மைதான். சில நாள் கழித்து அருமைராசாவிடம் நான் சொன்னது ஒரே ஒரு வசனம்: "பற்றிக் அடிக்கடி ரொறன்ரோ போய் வாறவன்." அதுவும் உண்மை. பற்றிக் வான் வண்டியில் கடைச் சாமான் ஏற்றி இறக்குபவன். நான் வேறொன்றும் சொல்லவில்லை, ஒரு பெருமூச்சு விட்டேன், அவ்வளவுதான்.

பற்றிக்கின் கடைக்குட்டிக்கு அருமைராசா ஞானத்தகப்பன். அதற்குப் பிறகு இரண்டு குடும்பமும் முகம் பார்ப்பதில்லை. அந்தப் பிள்ளை முதல் நன்மை வாங்கிய பூசைக்கு அருமைராசா கோயில் பக்கமே போகவில்லை. பற்றிக் ஏன் எதற்கென்று புரியாமல் கொஞ்ச நாள் திரிந்துவிட்டு, டோல்கியைத் தூக்கிக்கொண்டு குழாமை விட்டுப் போனான். குழாமுக்கு அது பெரிய நட்டம். என் பங்குக்கு நான் செய்த தியாகம் என்றே அதை எடுத்துக்கொண்டேன்.

நான்காவதாக வந்தது அனுஜன். டோர்வலில் விமானத்தில் பெட்டிகள் ஏற்றும் பெடியன். கோயிலில் றொசானாவைப் பார்த்துத் தானாகவே விரும்பி, ஸ்காபரோவில் இருந்த தாயிடம் சொல்லியிருக்கிறான். தாய் வழக்கம்போல எனக்கு எடுத்தார். நானும் வழக்கம்போலச் செய்தேன். தாய் வேண்டாம் என்றார். விசாரித்த இடத்தை வெளியில் சொல்லக்கூடாது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் பெற்ற மகன் பிடிவாதமாகக் கேட்டால் எந்தத் தாய்க்கு மறைக்கத் தெரியும்? கிளாஸ் சத்தம், சிரிப்பு, இருமல் எல்லாவற்றையும் ஒப்புவித்திருக்கிறார்.

சாதாரணப் பெடியன் என்றால் அதோடு விட்டிருப்பான். இவன், அவள் பாடுவதைக் கேட்கவேண்டுமென்று, லீவு நாட்களில் டவுன்டவுனில் ஒவ்வொரு பாராக ஏறி இறங்கித் தேடியிருக்கிறான். தமிழ்ப் பெட்டை ஒருத்தியும் இங்கே பாடுவதில்லை என்றே எல்லா இடத்திலும் சொன்னார்களாம். கடைசியில் ஓரிடத்தில் பியானோ வாசிக்கும் கிழவரிடம் அந்த இருமலையும் பகிடியையும் நடித்துக் காட்டியிருக்கிறான். கிழவர் சிரித்துவிட்டு, உள்ளே போய் ஒரு தட்டை எடுத்து வந்தாராம்.

ஒரு ஞாயிறு பின்னேரம் அனுஜன் எங்கள் கதவைத் தட்டினான். கையில் எட்னாவின் விடுதித் தட்டு. என்னுடையதைவிட நல்ல உறை. உள்ளே றொசானா மல்லித்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லிமாளாது. இந்த ஊரில் எட்னாவைத் தெரிந்த இன்னொரு தமிழன்! வா தம்பி, இரு தம்பி என்று வரவேற்று, நானே தட்டைப் போட்டேன்.

தொப்பிப் பாட்டு வந்தது. இருமல் வந்தது. றொசானா வழக்கம்போல அந்த இடத்தில் புன்னகைத்தாள்.

"மாஸ்டர்," என்றான் அனுஜன். "எங்கட அம்மாவுக்கு நீங்கள் ரெலிபோனில கேட்கப் பண்ணினது இதைத்தானே?"

மாக்கிரட் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். நான் பொய் சொல்லிப் பழகாதவன். "ஓம்" என்றேன்.

றொசானா தட்டைப் பார்த்தாள், ரெலிபோனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கார்டெறியில் பிள்ளைகளோடு பழகியவள்; சத்தம் போடத் தெரியாது.

"ரொறன்ரோ ஆக்களுக்கும்?"

"ஓம் பிள்ளை."

"லண்டனுக்கும்? மிசிசாகாவுக்கும்?"

"ஓம்."

"பற்றிக் மாமா?"

"நான் அவன்ர பேரைத்தான் சொன்னனான். அவன் செய்தவன் எண்டு சொல்லேல்ல."

"ஏன் அங்கிள்?"

இந்தக் கேள்விக்கு எத்தனையோ நல்ல பதில்கள் நான் யோசித்து வைத்திருந்தேன். குரல், கலை, குழாம், கர்த்தர் தந்த தாலந்து. ஆனால் வாயில் "நீ போனால் ஞாயிற்றுக்கிழமையில நாங்கள் என்ன செய்யிறது பிள்ளை?" என்றுதான் வந்தது.

அவள் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"எனக்கு இந்தப் பாட்டுகள் ஒண்டும் பிடிக்காது அங்கிள்," என்றாள். "ஒருநாளும் பிடிச்சதில்லை. இது என்ர குரலும் இல்லை. எனக்கு மேல போற குரல். ஒவ்வொரு கிழமையும் தொண்டை நோவோடதான் வீட்ட போறனான். அம்மாதான், பிள்ளையில்லாத வீடு, போய் ஒரு மணித்தியாலம் பாடிப்போட்டு வா, அதுகள் சந்தோஷப்படட்டும் எண்டு அனுப்புறவா."

பிறகு கோட்டைப் போட்டாள். அனுஜன் தன் தட்டை எடுக்க மறந்து அவள் பின்னால் போனான். அதனால் இப்போது என்னிடம் அந்தத் தட்டு இரண்டு இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்தவை நடக்கவேண்டியவைதான். அருமைராசா பற்றிக் வீட்டு வாசலில் நின்று அழுததாகச் சொன்னார்கள். சிசிலி என்னைக் கண்டால் தெருவைக் கடந்து மற்றப் பக்கம் போகிறார். பாதர் என்னைக் கொஞ்சக் காலம் ஓய்வெடுக்கச் சொன்னார். குழாமை இப்போது பற்றிக் நடத்துகிறான். தாளம் இருக்கிறது, சுருதிதான் இல்லை. அனுஜனும் றொசானாவும் கலியாணம் முடித்தார்கள். டோர்வலில் நல்ல வேலை அவனுக்கு, இங்கேயே இருந்திருப்பார்கள். ஆனால் ஊரில் அந்த பாரில் பாடின கதை முழுதாக ஓயவில்லை என்று ரொறன்ரோவுக்கே போய்விட்டார்கள். இவ்வளவு பாடுபட்டு நான் எதைத் தடுத்தேனோ அதுவே நடந்தது. இதில் யாருக்காவது பாடம் இருந்தால் அது அவசரப்படுகிற பெடியன்களுக்குத்தான்.

பாட்டுகள் பிடிக்காது என்று அவள் சொன்னதை நான் பெரிதாக எடுக்கவில்லை. கோபத்தில் யாரும் எதையும் சொல்வார்கள். பிடிக்காத ஒருத்தியால் அந்த ரெயில் பாட்டை அப்படி உடைத்துப் பாட முடியாது. எனக்குக் காது இருக்கிறது.

போன மாதம் அவர்களுடைய பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம். மாக்கிரட்டுக்கு மட்டும் அழைப்பு வந்தது. பஸ்ஸில் போய்விட்டு அடுத்த நாள் பின்னேரம் வந்தாள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். நிறைய நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது.

"தலையில தண்ணி ஊத்தேக்க பிள்ளை கோயில் அதிரக் கத்தினது," என்றாள்.

"என்ன சுருதி? கீழயோ மேலயோ?" என்று கேட்டேன்.

மாக்கிரட் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இன்றுவரை என்னோடு கதைக்கவில்லை. ஒரு குழந்தையின் குரலைப் பற்றி அன்பாக விசாரித்ததில் என்ன பிழை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.